குதிரைக்கார வம்சத்தின் உண்மை நிலவரம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் ஆளுக்கொரு மாத்திரை டப்பாவோடு சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குட்டியும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று நீ சொல்லாமலேயே ஐந்து வாரமாக நம்பிக்கொண்டிருக்கிறோம். கடிதம் என்றதும் பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேச வேண்டியதைத்தான் எழுதுகிறேன், போனில் நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உனக்கு முன்பே தெரியும், எனக்கு இப்போதுதான் தெரிகிறது. தவிர, போனை நீ பாதியில் வைத்துவிடலாம், கடிதத்தைப் பாதியில் வைத்தால் மீதியில் என்ன எழுதியிருக்கிறேனோ என்று உனக்கே இருப்புக்கொள்ளாது, அது உன் அம்மாவிடமிருந்து உனக்கு வந்த குணம். அவள் இப்போதுதான் எட்டிப் பார்த்து, "சுத்தி வளைக்காம எழுதுங்க, அவன் வேலைக்குப் போற பையன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சுற்றி வளைக்காமல் எனக்கு எதுவும் வராது என்று முப்பத்தெட்டு வருஷமாகத் தெரிந்தும் சொல்கிறாள்.

முதலில் வீட்டு நிலவரம். அம்மாவின் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் மொட்டைமாடித் துணியை நான்தான் எடுத்து வந்து மடிக்கிறேன், நான் மடித்ததை அவள் பிரித்து மறுபடி மடிக்கிறாள், இரண்டு பேருக்கும் பொழுது போகிறது. பின்பக்கச் சுவரில் மறுபடி ஈரம் கசிகிறது, கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போனார், அது போன மாதம். டிரைவிங் ஸ்கூலை என் பழைய மாணவனிடம் ஒப்படைத்தது உனக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் போய் உட்காருகிறேன், மரியாதையாக நாற்காலி போடுகிறான், வண்டி கண்ணில் படாத மூலையாகப் பார்த்துப் போடுகிறான், நான் கத்தினால் கற்றுக்கொள்ள வந்தவர்கள் ஓடிவிடுகிறார்களாம்.

இனி ஐந்து வாரத்துக்கு முந்தைய விஷயம். நீச்சல் குளத்தில் உயரமான பலகையில் ஏறி, குதிக்க மாட்டேன் என்று நின்று அழுது, ஏணி வழியாகவே இறங்கி வந்துவிட்டதாகக் குட்டி என்னிடம் வீடியோவில் சொன்னாள். எட்டு வயசுக் குழந்தை, தாத்தாவிடம் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறாள். நான் என்ன செய்தேன், வழக்கம்போலக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "நம்ம குதிரைக்கார வம்சம்டா கண்ணு, என் அப்பா பந்தயத்துல குதிரை ஓட்டினவரு, நாம பயப்படலாமா, உங்கப்பா மாதிரி பயந்தாங்கொள்ளி ஆயிடாத" என்றேன். பின்னாலிருந்து நீ வந்து போனை வாங்கி, "அப்பா, என்கிட்ட சொன்னது போதும்ப்பா, அவகிட்ட ஆரம்பிக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். நீ குரலை உயர்த்தக்கூட இல்லை. உயர்த்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி, நியாயம் என் பக்கம் என்று ஒரு வாரம் சுகமாக இருந்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய். உன் அம்மா அன்றைக்கு என்னோடு பேசியது மூன்றே வார்த்தை, மூன்றாவது வார்த்தையை எழுத முடியாது.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி நூலகத்தில் ஊரின் பழைய விளையாட்டுகளைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்கப் போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். புது நூலகர் வந்திருக்கிறார், உன் வயதுதான் இருக்கும், மூக்குக் கண்ணாடி, எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற பெண். பழைய நில அளவை வரைபடம் ஒன்றை வாசலில் மாட்டியிருந்தார். பார்த்ததும் நான் அசந்து போனேன். நம் தெரு ஏன் காரணமில்லாமல் வில் மாதிரி வளைகிறது என்று நீ சின்ன வயசில் கேட்பாயே, கட்டியவன் போதையில் இருந்தான் என்று நான் சொல்வேன், அது அப்படி இல்லை. இந்தப் பேட்டை முழுவதும் ஒரு காலத்தில் குதிரைப் பந்தய மைதானம். நம் தெருதான் கடைசி வளைவு. பேருந்துப் பணிமனை இருக்கிற இடம் லாயம், தண்ணீர்த் தொட்டி நிற்கிற இடத்தில் நடுவர் மேடை. மூவாயிரம் பேருக்கு நான் இந்த வளைவில் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒரு தடவைகூட ஏன் வளைகிறது என்று யோசித்ததில்லை. பந்தயம் நடந்தது என்று பொதுவாகத் தெரியும், எங்கே என்று கேட்டால் ஊருக்கு வெளியே எங்கேயோ என்று கையை வீசுவேன். ஊரில் வேறு யாருக்கும் அதுகூட நினைவில்லை. வாடிக்கையாக நூலகத்துக்கு வருகிறவர்களிடம் நூலகர் கேட்டபோது, இங்கே எப்போதும் வீடுகள்தான் என்று சத்தியம் செய்தார்களாம். அப்படிப்பட்ட ஊரில், பந்தய வீரரின் சொந்த மகன் நான் இருக்கிறேன் என்று போய் நின்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது, பாவம்.

உன் தாத்தா படமும் கோப்பையும் உனக்கு நன்றாகத் தெரியும், டிரைவிங் ஸ்கூலில் என் மேஜைக்கு மேலே இருந்தவை. இரண்டையும் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தாத்தா சாகும்போது எனக்கு ஆறு வயது. வீட்டில் என்னிடம் சொன்னது, "உங்கப்பா ரேஸ்ல இருந்தாரு", அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் அது "குதிரை ஓட்டினார்" ஆயிற்று, வேலைக்குப் போன பிறகு "ஜெயித்தார்" ஆயிற்று, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது "கோப்பை வாங்கினார்" ஆகிவிட்டது. கோப்பை எங்கே என்று உன் மாமா கேட்டுத் தொலைத்ததால் ஒன்று தேவைப்பட்டது. நீ வளர்ந்த காலமெல்லாம் பார்த்த அந்தக் கோப்பை, ஓட்டுநர் சங்கக் கேரம் போட்டியில் எனக்குக் கிடைத்த இரண்டாம் பரிசு. எழுத்து உள்ள பக்கம் எப்போதும் சுவரைப் பார்த்திருக்கும். அந்தப் படத்திலும் நீ கவனித்திருப்பாய், அந்த ஓரத்தில் குதிரை, இந்த ஓரத்தில் தாத்தா, நடுவில் இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். குதிரைக்கு மரியாதை கொடுத்துத் தள்ளி நிற்கிறார் என்று நானே விளக்கம் கொடுப்பேன். உன் அம்மா மட்டும் ஆரம்பத்திலிருந்தே நம்பவில்லை. "உங்கப்பா ஆறடி, நல்ல பாரமான உடம்பு, அவரு ஏறினா குதிரைதான் முதல்ல உக்காரும்" என்பாள். அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன், அவள் அப்பா தபால் ஆபீசில் இருந்தவர்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நூலகர் போன் செய்து, ஓய்வாக இருக்கும்போது வாருங்கள் என்றார். குரலில் ஒரு தயக்கம், எனக்கு ஏதோ விருது கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்துச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். உள்ளறையில் மேஜை மேல் பழைய கோப்புக்கட்டு, பந்தயக் கமிட்டியின் விசாரணைத் தாள்கள், நகராட்சி அலமாரியில் குடிநீர்க் குழாய்ப் புகார்களோடு கட்டிக் கிடந்ததாம். அதைப் படிக்கத் தருவதற்கு முன்னால் அவர் எனக்குப் பந்தயம் எப்படித் தொடங்கும் என்று விளக்கினார், பந்தய வீரரின் மகனுக்கு அது தெரியாது பார். அந்தக் காலத்தில் கதவு வைத்த கூண்டு எல்லாம் கிடையாது. பாதையின் குறுக்கே ஒரு நாடா கட்டியிருப்பார்கள், அதை மேலே தூக்கியதும் குதிரைகள் பாயும். நாடா தூக்குவதற்கு முன்னால் ஒரு குதிரை பாய்ந்துவிட்டால் அந்தத் தொடக்கம் செல்லாது. ஆனால் பாய்ந்துவிட்ட குதிரையின் மேல் இருப்பவனுக்குப் பின்னால் யார் கத்தினாலும் கேட்காது. அதனால் இருநூறு அடி தள்ளி, பாதையின் நட்டநடுவில், குதிரைகளைப் பார்த்தபடி ஓர் ஆள் கொடியோடு நிற்பான். தொடக்கம் செல்லாது என்றால் அவன் கொடியை வீசிக்கொண்டே நிற்க வேண்டும், வருகிறவர்கள் அவனைப் பார்த்துக் கடிவாளத்தை இழுப்பார்கள். ஆறடி உயரம் இருந்தால் தூரத்திலிருந்தே தெரியும் என்று ஓர் ஆளை அந்த வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். புரிந்திருக்கும். உன் தாத்தா குதிரை மேல் இருந்தவர் இல்லை, குதிரைக்கு எதிரில் இருந்தவர்.

ஒரு சனிக்கிழமை, மூன்றாவது பந்தயம், ஏழு குதிரைகள். நாடா ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது, அதற்குள் மூன்று குதிரைகள் கிளம்பிவிட்டன. நாடா தூக்குகிறவர் பின்னாலிருந்து செல்லாது என்று சைகை காட்டினார். தாத்தா கொடியைத் தூக்கினார். மூன்று குதிரைகளும் நேராக அவரைப் பார்த்து வந்தன. தாத்தா கொடியோடு வேலியைத் தாண்டிக் குதித்து, மறு பக்கத்தில் இருந்த வைக்கோல் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார். மறிக்க ஆளில்லாததால் அந்த மூன்றும் முழுச் சுற்று ஓடி முடித்தன, மீதி நான்கும் நாடாவுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தன. ஜெயித்தது ஜெயித்ததுதான் என்று பாதிக் கூட்டம், செல்லவே செல்லாது என்று மீதிக் கூட்டம். மறுபடி ஓடச் சொன்னால் அந்த மூன்று குதிரைகளுக்கும் மூச்சு வாங்குகிறது. நாற்காலிகள் பறந்தன, நடுவர் மேடையின் ஒரு பக்கம் சரிந்தது. அந்தப் பருவத்துக்குப் பிறகு பந்தயம் நடக்கவில்லை, மைதானத்தை வீட்டுமனையாக்கிவிட்டார்கள்.

அடுத்த தாளில் விசாரணையில் தாத்தா கொடுத்த வாக்குமூலம் இருந்தது. கோட்டுப் போட்ட ஐந்து பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அதை அப்படியே உனக்கு எழுதுகிறேன், நகல் எடுத்து வைத்திருக்கிறேன். "எனக்குக் குதிரை என்றால் பயம். வேலைக்குச் சேரும்போதே இதைச் சொன்னேன். கொடி பிடிப்பதற்குக் குதிரை ஏறத் தெரிய வேண்டியதில்லை என்று சொன்னார்கள். இரண்டு வருடம் தொடக்கம் எல்லாம் சரியாக இருந்ததால் நான் நிற்க முடிந்தது. அன்று குதிரைகள் என்னை நோக்கி வந்தபோது கொடியை வீச வேண்டும் என்று எனக்குத் தெரியும். கால் கேட்கவில்லை. யாரும் என்னைத் தூண்டவில்லை, யாரிடமும் நான் எதுவும் வாங்கவில்லை. மறுபடியும் அங்கே நிற்கச் சொன்னால் நிற்பேன். மறுபடியும் ஓடிவிடுவேன் என்றே நினைக்கிறேன். ஆகையால் வேறு ஆளைப் போடுவது நல்லது." கீழே கையெழுத்து, நடுக்கம் இல்லாமல், முத்து முத்தாக. படித்துவிட்டு முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கண் நிறைந்துவிட்டது, நூலகர் எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கிற மாதிரி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கமிட்டி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை, டிக்கெட் கொடுக்கிற அறைக்குள் போட்டார்கள், கதவு உள்ள அறை. எனக்குத் தெரிந்து என் அப்பா எழுதியது இது ஒன்றுதான், அறுபத்தைந்து வயதில் படித்திருக்கிறேன்.

ஆனால் என் புத்தி பார், வீட்டுக்குப் போகிற வழியிலேயே அதையும் பெருமையாக மாற்றத் தொடங்கிவிட்டேன். ஒரே ஆள், ஒரே தாவல், ஊரின் பந்தயத்தையே நிறுத்திய மனிதர் என்று. மறுநாள் நூலகரிடம் இப்படிச் சொல்லிப் பார்த்தேன். அவர் இன்னொரு தாளை எடுத்து, "இல்ல சார், அதுக்கு முன்னாடி வருஷமே கூட்டம் குறைஞ்சிடுச்சு, அடுத்த பருவத்துக்கு லைசென்ஸ் கிடையாதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க. அவர் ஓடலைன்னாலும் நின்னிருக்கும்" என்றார். சரி, நமக்கு அந்தக் கெட்ட பெயர்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் திறப்பு விழா. வாசிப்பு அறையில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, பாதி நிரம்பியிருந்தது. அழைப்பிதழை முன்பே அச்சடித்துவிட்டதால் என் பெயருக்குக் கீழே பந்தய வீரரின் மகன் என்று போட்டிருந்தது. வாக்குமூலத்தின் நகல் என் சட்டைப் பையில் இருந்தது, அதைத்தான் வாசிக்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடமும் நூலகரிடமும் சொல்லியிருந்தேன், வீட்டில் கண்ணாடி முன்னால் இரண்டு தடவை வாசித்தும் பார்த்தேன். மைக் முன்னால் போனேன். முன்வரிசையில் என் பழைய மாணவர்கள் மூன்று பேர், தெருமுனை இஸ்திரிக்கடைக்காரர், உன் பழைய தலைமையாசிரியர். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். கை பைக்குள் போயிற்று, வெறும் கையாகவே வெளியே வந்தது. வாய் தன்பாட்டுக்குப் பழைய பாட்டைப் பாடத் தொடங்கிவிட்டது, என் அப்பா குதிரையில் ஏறினால் காற்று ஒதுங்கி நிற்கும் என்று. அந்த வரியை இதற்கு முன் நான் சொன்னதே இல்லை, அங்கேயே புதிதாகத் தயாரித்தேன். நன்றாகக் கைதட்டினார்கள். நூலகர் கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் அம்மா கைதட்டவில்லை, வீட்டுக்கு வந்து வாசல் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள், "அவரு வேலியைத் தாண்டினதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, எதிர்ல குதிரை வந்துச்சு. உங்க எதிர்ல என்னங்க வந்துச்சு?"

திங்கட்கிழமை காலை நூலகம் திறப்பதற்கு முன்பே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன். நூலகர் வந்து கதவைத் திறந்தார். அந்தத் தாளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள், கோப்பையை வெளியே எடுத்துவிடுங்கள், அது என் அப்பாவுடையது இல்லை என்றேன். "துடைக்கும்போதே பாத்தேன் சார், கேரம்னு இருந்துச்சு, அதான் எழுத்து தெரியாம திருப்பி வச்சேன்" என்றார். என் மானத்தைக் காப்பாற்ற என்னைப் போலவே அவரும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார், எவ்வளவு அசடு வழிந்திருப்பேன் என்று நீயே நினைத்துப் பார்த்துக்கொள். படத்தின் கீழே இருந்த பெயர் அட்டையை மாற்றி நானே எழுதிக்கொடுத்தேன், கொடிக்காரர், குதிரைக்குப் பயந்தவர் என்று. ஊர் முழுக்கச் சிரிக்கும் என்று நினைத்து இரண்டு நாள் டிரைவிங் ஸ்கூல் பக்கமே போகவில்லை. சிரித்தார்கள்தான். நான் கதையைச் சொல்லச் சொல்ல இஸ்திரிக்கடைக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், வைக்கோல் வண்டி வரைக்கும் வந்ததும் அவரால் நிற்கவே முடியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "எங்க தாத்தாவும் அங்கதான் சார், லாயத்துல சாணி அள்ளினாரு. நீங்க குதிரை ஏறின குடும்பம்னு சொல்லிட்டே இருந்தீங்களா, நான் எப்படி இதப் போய்ச் சொல்றதுன்னு வாயத் தொறக்கல" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக அவரிடம்தான் என் சட்டையைக் கொடுக்கிறேன், ஒவ்வொரு சட்டையோடும் ஒரு புளுகும் கொடுத்திருக்கிறேன். மறுநாள் அவர் ஒரு லாடத்தைக் கொண்டுவந்து நூலகத்தில் கொடுத்தார். பிறகு பணிமனை மெக்கானிக்கின் அத்தை டிக்கெட் புத்தகம் ஒன்று கொடுத்தார், தையற்கடைக்காரர் தன் தாத்தா ஜாக்கிகளுக்குச் சட்டை தைத்த அளவுச் சீட்டு கொடுத்தார், அத்தனை பேரும் நம் வளைவிலேயே, கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறவர்கள். இந்த ஊர் எதையும் மறக்கவில்லை. நான் ஒருத்தன் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்ததால் மற்றவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

இவ்வளவு எழுதியதும் இனி வரப்போவதை எழுதத்தான். உனக்கு ஒன்பது வயதில் பொருட்காட்சிக்குப் போனோமே, அந்தக் குட்டைக் குதிரை. நீ மறந்திருக்க மாட்டாய், நானும் மறக்கவில்லை, ஆனால் எனக்கு நினைவிருப்பதை உன்னிடம் நான் சொன்னதில்லை. நீ ஏற மாட்டேன் என்று அழுதாய். அதை ஓட்டி வந்தவர் நல்ல மனிதர், "சார், நீங்க ஒரு தடவ கிட்ட வந்து கழுத்தத் தடவிக் குடுங்க, பையனுக்குப் பயம் தெளிஞ்சிடும்" என்றார். இரண்டு எட்டு வைத்தேன். அது தலையைத் திருப்பி மூச்சு விட்டது. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. கையில் பை இருக்கிறது என்று சொன்னேன், அந்தப் பையில் உன் அம்மாவின் சீப்பும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தன. அவர் ஒரு மாதிரியாக என்னைப் பார்த்தார், வரிசையில் இருந்தவர்களும் பார்த்தார்கள், அப்போதுதான் நான் சத்தமாக, "குதிரைக்காரர் பேரன் குதிரையப் பாத்து அழறான் பாருங்க" என்றேன். எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் மேல் விழ வேண்டியது, உன் பக்கம் தள்ளிவிட்டேன். நான் இன்றுவரை ஒரு குதிரையைத் தொட்டதில்லை. பதினெட்டு வயதில் உனக்கு வண்டி சொல்லிக்கொடுக்கும்போதும் அதே வாய்தான், நீ நாற்சந்தி நடுவில் கதவைத் திறந்துவைத்துவிட்டு இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனாய், டிரைவிங் மாஸ்டர் மகனுக்கு வண்டி ஓட்ட வராது என்று நானே ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தேன். முப்பது வருஷம் பயப்படாதே பயப்படாதே என்று பக்கத்து இருக்கையிலிருந்து கத்தினேன், என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருந்தது. உனக்கு அப்படி ஒன்றும் இல்லை. என் அப்பா ஐந்து பேர் முன்னால் தனக்குப் பயம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஒன்பது வயசுப் பிள்ளையின் முன்னால் எனக்கு அது முடியவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

குட்டியிடம் நான் சொன்னதை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல். அவள் இறங்கும்போது முகத்தை மூடிக்கொள்ளாமல் படி பார்த்து நிதானமாக இறங்கினாள் என்று மருமகள் சொன்னாள், இந்தக் குடும்பத்தில் ஆண்கள் யாருக்கும் அது வந்ததில்லை. குதிக்கத் தோன்றினால் குதிக்கட்டும், தோன்றாவிட்டால் ஏணி இருக்கவே இருக்கிறது. வாக்குமூலத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், அவளுக்கு நீ படித்துக் காட்டு, அந்தச் சனிக்கிழமைக் கதையையும் சேர்த்துச் சொல், வைக்கோல் வண்டி வரும்போது அவளைச் சிரிக்க விடு. எனக்காக வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று நீ கிளம்பவேண்டாம், ரயில் நல்லது, தூங்கிக்கொண்டே போகலாம். அந்தக் கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா இல்லையா என்று அம்மா கேட்கச் சொன்னாள், தள்ளிப்போடாதே. மருமகளுக்கு என் அன்பு. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் எதையும் மறைக்கத் தேவையில்லாமல், நிறைவாக நீண்ட நாள் வாழ வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம்.

இதைப் படித்ததும் போன் செய்ய வேண்டும் என்று இல்லை, உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது செய். மணி அடித்தால் எடுக்காமல் அம்மாவிடம் தள்ளிவிடலாமா என்று எனக்குத் தோன்றும். பயந்துகொண்டேதான் இருப்பேன். ஆனால் நான்தான் எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா